சூடேறாத பிரேக் பேடு

விடுமுறை நாள்களில் மட்டும் பந்தய வீரராகிவிடும் மனிதர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களுள் தனியோர் இனம் உண்டு. ‘என் பாணிக்கு ஏற்ற பிரேக் பேடு எது?’ என்று, சக்கரத்தை அழுத்தி நிறுத்தும் அந்தச் சிறு கட்டையையே ஆண்டு முழுவதும் ஆராய்பவர் இனம். இவரை அடையாளம் காண்பது எளிது. தேநீர்க் கடையில் நான்கு பேர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், மழையிலிருந்து ஈரச் சாலைக்கும், ஈரச் சாலையிலிருந்து டயருக்கும், டயரிலிருந்து பிரேக்குக்கும் மூன்றே வாக்கியங்களில் வந்து சேர்ந்து, மென்மையான பேடு உடனே பிடிக்கும், ஆனால் சூட்டில் தளர்ந்துவிடும், கடினமான பேடு சூடேறிய பிறகே பிடிக்கும், ஆனால் கடைசிவரை கைவிடாது என்று, நால்வரும் எழுந்து போகும்வரை விளக்கிக்கொண்டிருப்பார். சொல்வதெல்லாம் உண்மை. அதுதான் சிக்கல்.

புதுக்கோட்டையில் இந்த இனத்தின் பிரதிநிதி ஞானமணி. தனியார் கல்லூரி ஒன்றில் அலுவலகக் கண்காணிப்பாளர். வளைவுவரை குறையாத வேகம், வளைவில் ஒரே மிதி. இதுவே தம் பாணி என்று அவர் அறிவித்திருந்தார். யாரிடம்? கேட்டவர்களிடமும் கேளாதவர்களிடமும். அவருடைய காரில் ஒருமுறை ஏறியவர்களுக்கோ வேறொரு ஞானமணியைத் தெரியும். தொலைவில் ஓர் ஆடு சாலையைக் கடக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றால் போதும், இவருடைய கால் பிரேக்கை வருடத் தொடங்கிவிடும். வேகத்தடையைக் கண்டால், அதனிடம் அனுமதி கேட்பவரைப்போல நின்று, பிறகுதான் ஏறுவார்.

இந்த ஆண்டுக் கோடைப் பந்தயத்தில் அவருடைய மானமே பணயமாயிருந்தது. திருவரங்குளத்துக்கு அப்பாலுள்ள செம்மண் பொட்டலில் கூம்புகளை நட்டு, அவற்றினூடே ஒவ்வொருவராகக் கார் ஓட்டி நேரம் குறிக்கும் போட்டி அது. ஆளுக்கு இரண்டு சுற்று. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஒரு சுற்றையேனும் முறையாக முடிக்காத ஒருவரை ஓட்டுநர் பட்டியலிலிருந்து நீக்கி, வெயிலில் நின்று கொடி அசைக்கும் தொண்டர்களோடு சேர்த்துவிடுவது, போட்டியை நடத்தும் சங்கத்தின் விதி. ஞானமணி ஏற்கெனவே இரண்டு ஆண்டுகளைக் கோட்டை விட்டிருந்தார். முதலாண்டு வழி தவறினார்; இரண்டாமாண்டு இன்ஜின் அணைந்துபோயிற்று. இரண்டுக்கும் அவர் பழி சுமத்தியது பிரேக் பேடின்மீது.

ஆகவே கோயம்புத்தூரிலிருந்து மிகக் கடினமான பந்தயப் பேடு வரவழைக்கப்பட்டது. மெக்கானிக் அடைக்கலம் பழைய, மென்மையான பேடைக் கழற்றிவிட்டு அதைப் பூட்டும்போதே, நன்றாகச் சூடேறினாலொழிய இது பிடிக்காது என்று எச்சரித்தார். தமக்குத் தெரியாததா என்றார் ஞானமணி. பந்தயத்தன்று காலை, சூடேற்றுவதற்காகவே, வீட்டிலிருந்து பொட்டல்வரை இடக்காலைப் பிரேக்கின்மீது வைத்தபடியே ஓட்டினார். ஏதோ கருகுகிறதே என்றார் அருகிலிருந்த மனைவி செல்வராணி. அது முன்தயாரிப்பின் மணம் என்று விளக்கம் வந்தது.

மணமெல்லாம் சரிதான். சிறப்பு விருந்தினர் நேரத்துக்கு வரவேண்டாமா? ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் வந்து, வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை, மீண்டும் ஒரு பொன்னாடை என்று எல்லாம் முடிவதற்குள் பேடு மோர்ப்பானைபோலக் குளிர்ந்துவிட்டது.

முதற்சுற்று தொடங்கியது. முதல் வளைவுக்கு வெகுதூரம் முன்பே, வழக்கம்போல, ஞானமணி பிரேக்கை வருடினார். கார் அதைப் பொருட்படுத்தவில்லை. மூன்று கூம்புகளைச் சாய்த்துக்கொண்டு நேராகச் சென்று, நேரம் குறிப்பவரின் குடைக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றது. அவர் நாற்காலியோடு நகர்ந்து உட்கார்ந்து, ‘தகுதியிழப்பு’ என்று எழுதினார்.

“பேடு மேல தப்பில்லைங்க சார்,” என்றார் பந்தயத்துக்கு உடன் வந்திருந்த அடைக்கலம், சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு. “மிதிக்கிறதுக்குச் செஞ்ச சாமான். நீங்க தடவுறீங்க.”

ஞானமணி செம்மண்ணின் தன்மையைப் பற்றித் தொடங்கினார். செல்வராணி முடிக்கவிடவில்லை.

“என்னங்க, நாளைக்குக் குறுக்க வரப்போற ஆட்டுக்கு இன்னைக்கே பிரேக் போடுற ஆளு நீங்க. ஒங்களுக்கு எதுக்கு இது? பழசு டிக்கியிலதான் கெடக்கு. மாட்டச் சொல்லுங்க.”

கொடி பிடித்தவர்கள் வரிசையாக நின்று வியர்த்துக்கொண்டிருந்தார்கள். ஞானமணி அவர்களைப் பார்த்தார். ‘இவர்தான் நான்’ என்று ஆண்டுக்கணக்கில் ஊருக்கெல்லாம் சொல்லிவந்த ஒரு மனிதரை அவ்விடத்திலேயே விட்டுவிடவேண்டும், எளிதா?

“பழசையே மாட்டிருங்க அடைக்கலம்,” என்றார், மெல்ல.

இரண்டாம் சுற்றில் அவர் காய்கறி வாங்கப் போகிறவரைப்போல ஓட்டினார். வளைவு கண்ணில் பட்டதுமே வருடினார். கால் பட்ட உடனேயே பேடு பிடித்தது. ஒரு கூம்புகூட அசையவில்லை. பதினொருவருள் பத்தாமிடம், பதினோராமவரின் டயர் வெடித்திருந்தது. இருக்கட்டுமே, சுற்று முடிந்தது! ஞானமணியின் பெயர் ஓட்டுநர் பட்டியலில் நிலைத்தது. செல்வராணி கைதட்டினார், உண்மையான மகிழ்ச்சியோடுதான் தட்டினார்.

இத்துடன் அவர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள், வளைவை முன்னுணர்ந்து இதமாக மிதிப்பதே முதிர்ந்த ஓட்டுநரின் இலக்கணம் என்றும், அதற்கு மென்மையான பேடே உகந்தது என்றும், இதைத் தாம் நெடுநாள் ஆராய்ந்து கண்டறிந்ததாகவும் அவர் விளக்கத் தொடங்கியிருந்தார். இளைஞர் இருவர் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்கள். செல்வராணி தம் பொட்டலத்தோடு அடுத்த மரத்து நிழலுக்குப் போய்விட்டார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் உங்களுக்கென்று வாங்கிய மலையேற்றக் காலணி, வெந்நீர் மட்டும் வைத்துப் பழகிய வீட்டிலுள்ள நான்கு பர்னர் அடுப்பு, முதற்பக்கத்தோடு நின்றுபோன தடித்த நாட்குறிப்பு, இவையெல்லாம் யாருக்காக வாங்கப்பட்டவை என்று உடன் வாழ்பவரிடம் கேட்டுப்பாருங்கள். விடை சொல்லாமல் அவர் புன்னகைத்துக்கொண்டே சமையலறைக்குள் நுழைந்துவிட்டால், பின்தொடர்ந்து சென்று கேட்காதீர்கள்.