மாதா கூட்டுக்கு ஒரு முகப்பு

இடதுபக்கப் புறாவின் அலகு ஒடிந்தது. மாதா திருநாள் அந்த ஞாயிற்றுக்கிழமை.

றோலண்ட் மிதிப்பலகையிலிருந்து காலை எடுத்துவிட்டு, அறுத்துக்கொண்டிருந்த முகப்புப் பலகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வளைவும் கொடியும் திராட்சைக் குலையும் சுத்தமாக வந்திருந்தன. சிறகு விரித்து எதிரெதிரே நின்ற இரண்டு புறாக்களில் ஒன்றுக்கு மட்டும் மூக்கில்லை.

லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் வீட்டுச் சாமான்களை விற்றபோது, தையல் மெஷின் என்று நினைத்து மனைவிக்காக வாங்கி வந்தார். வந்தது கால்மிதி வாள். நூல் போன்ற வாள் மேலும் கீழும் துள்ளிப் பலகையில் பூவேலை செய்யும். திருப்பிக் கொடுக்கப் போனபோது துரை கப்பலேறியிருந்தார். ஒருநாள் சும்மா மிதித்துப் பார்த்தார், மரவேலைப் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

பிறகு, மாதா சுரூபம் நிற்கும் கூட்டுக்கு முகப்பு செய்து தரும்படி சாமியாரே கேட்டார். அதை லிந்துலைக் கடைத்தெருவில் றோலண்ட் சொல்லாத கடையில்லை. இனிப் பின்வாங்க முடியாது.

"தெரேசா, இதப் பாரு."

மனைவி தேத்தண்ணியோடு வந்து பார்த்தாள். "அடுத்ததோட மூக்கயும் எடுத்துட்டா சோடியாயிடுமுங்க."

எடுத்தார். சோடியாகிவிட்டது. ஆனால் இரண்டும் பன்றிக்குட்டி மாதிரி முழித்தன.

"மூஞ்சியக் கொஞ்சம் உருட்டுனா?" என்றார்.

"உருட்டுங்க. அவசரப்படாமச் செய்ங்க."

உருட்டியதில் தவளையாகின. மாதாவுக்குப் பக்கத்தில் தவளை நிற்க முடியுமா? தலைகளை நறுக்கினார். தலையில்லாத பறவைக்கு வால் எதற்கு என்று அதையும் நறுக்கினார். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் விரிந்த இரண்டு சிறகும் நடுவில் நீட்டிய கழுத்தும்தான் மிஞ்சின. மெலிந்த உடம்பு காம்புபோலக் கீழே இறங்கியது.

"புதுசா ஒண்ணு அறுக்க நேரமில்ல. சாமியார் மொகத்துல எப்புடி முழிப்பேன்?"

"கொண்டு போய் மாட்டுங்க. மாதா பாத்துக்குவாங்க" என்றாள் தெரேசா. அவள் ஒருமுறைகூடத் திட்டாதது அவருக்கு இன்னும் கிலியூட்டியது.

திருநாளன்று காலை முகப்பைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோனார். சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கும் உபதேசியார் மத்தியாஸ் அதை வாங்கிக் கூட்டில் ஆணியடித்தார். றோலண்ட் கடைசித் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

பூசை முடிந்ததும் சனம் கூட்டை நெருங்கியது. தோட்டத்துக் கொழுந்து பறிக்கும் பெண்கள் முன்னால் நின்றார்கள். மாரியம்மன் கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் ஒன்றுபோல வருகிற அழகம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"ஏ புள்ள, இதப் பாரேன். கொழுந்துல்ல வச்சிருக்காக."

"எங்க?"

"ரெண்டு பக்கமும். ரெண்டு எல, நடுவுல ஒரு மொட்டு. நம்ம தெனமும் கிள்ளுறது."

சலசலப்பு கோயில் முழுக்கப் பரவியது. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எந்தக் கோயில்லயும் நம்ம கொழுந்துக்கு எடம் குடுத்ததில்ல" என்றாள். சாமியார் வந்து பார்த்தார். தூணுக்குப் பின்னாலிருந்த றோலண்டைக் கையைப் பிடித்து இழுத்து வந்து கூட்டத்தின் நடுவில் நிறுத்தினார்.

"எப்புடி ஐயா ஒங்களுக்கு இப்புடித் தோணுச்சு?" என்று அழகம்மா கேட்டாள்.

றோலண்ட் தொண்டையைக் கனைத்தார். "கொஞ்சம் கொஞ்சமாத்தான் தோணுச்சு" என்றார். அது பொய்யில்லை.

நாற்பது வருசம் கணக்குப் பார்த்த தோட்டத்தில் யாரும் தட்டாத முதுகை அன்றைக்கு ஊரே தட்டியது. மார்பு விம்ம வாசலுக்கு வந்தவரை உபதேசியார் மத்தியாஸ் ஓரமாக அழைத்தார்.

"சிலுவைப்பாதைப் படம் பதினாலுக்கும் முகப்பு வேணுமுன்னு சாமியார் கேக்கப் போறாருங்க."

"பதினாலா? எம்மேல சாமியாருக்கு அம்புட்டு நம்பிக்கையா?"

"நம்பிக்கையெல்லாம் இல்லீங்க, மொத முகப்பயும் இதயும் உங்க வீட்டம்மாதான் சாமியாரக் கேக்கச் சொன்னாங்க; நீங்க அடுப்படியில நின்னு உப்பு பாக்காம இருந்தாப் போதுமாம்."