ஆடியில் கிடைத்த சத்திரம்

இனி ஒரு விருந்தாளியின் செருப்புக்கூடத் தம் வாசலில் கழற்றப்படக் கூடாது என்று ரத்தினசாமி தீர்மானம் நிறைவேற்றினார். முன்மொழிந்தவரும் அவரே, வழிமொழிந்தவரும் அவரே. மனைவியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

அவர் மைசூர் ரயில்வே பணிமனையில் தலைமை எழுத்தர். வீடு, அக்ரஹாரம் என்று பெயர் கொண்ட பேட்டையில். வீடு என்பது ஒரு மரியாதைக்காகச் சொல்வது. முன்னால் கூடம், நடுவில் ஓர் அறை, பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் அகில உலகத்துக்கும் பொதுவான ஒரே குளியலறை. நடு அறையில் ஒரு வேங்கை மரக் கட்டில். இந்தப் பூமியில் ரத்தினசாமிக்குச் சொந்தமென்று இருந்தது அந்தக் கட்டில் ஒன்றுதான். மற்றவை யாவும் அவர் மனைவி சித்தம்மாவின் ஆட்சிக்கு உட்பட்டவை.

சென்ற தசராவுக்குச் சித்தம்மாவின் அண்ணன் கரியப்பன், தமிழும் கன்னடமும் கலந்து புழங்கும் கர்நாடக எல்லையோர ஹனூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். குடும்பம் என்றால் பதினேழு பேர். யானை ஊர்வலத்தைப் பார்க்க வந்தவர்கள், ஊர்வலத்தைவிட நீளமாக இருந்தார்கள். கட்டிலில் கரியப்பன் படுத்தார். கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக மற்றவர்கள் படுத்தார்கள். ரத்தினசாமி சமையலறையில் இரண்டு பரங்கிக்காய்களுக்கு இடையே மூன்றாவதாகப் படுத்தார். காலையில் குளியலறைக்கு வரிசையில் நின்றவருக்கு முறை வந்தபோது, அலுவலகத்தில் மற்றவர்கள் மதிய உணவை முடித்திருந்தார்கள். அந்த அனுபவத்தின் பலன்தான் மேற்படி தீர்மானம்.

தீர்மானத்துக்குச் சோதனை ஜூலை மாதமே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிரதிபா நல்ல கன்னடப் பெண்மணி. சித்தம்மாவோடு பழகிப் பழகித் தமிழையும் ஒரு கை பார்த்திருந்தாள். தெருவிலேயே அவள் வீட்டில்தான் தொலைபேசி இருந்தது. அங்கே போய்ப் பேசிவிட்டு வந்த சித்தம்மாவின் முகத்தில் தீபாவளி தெரிந்தது.

"ஏனுங்க, அண்ணன் பேசுச்சு. ஆகஸ்டு பதினஞ்சோட சனி ஞாயிறும் சேந்து வருதாமா. ஊருக்கு வெளிய புதுசாத் தண்ணிப் பூங்கா தொறந்திருக்காங்கல்ல, அதைப் புள்ளைங்களுக்குக் காட்டோணும்னு எல்லாரும் வாராங்க."

"எல்லாருமா?"

"எருமையைப் பாத்துக்க மட்டும் ஆள் சொல்லிட்டாங்களாம்."

"எதுக்கு? அதையும் கூட்டிட்டு வரட்டும். தண்ணிக்குள்ளயே கிடக்கிற இடம்னா அதுக்குத்தானே முதல் மரியாதை."

சித்தம்மா சிரிக்கவில்லை. ரத்தினசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்மானத்தைப் பாதியளவு வெளியிட்டார். "இந்தத் தடவை உங்கண்ணனுக்கு வசதியா வெளியில இடம் பிடிச்சுத் தாரேன். பூங்காவுக்கு வர்றவங்க எல்லாம் இப்ப அப்படித்தான் தங்கறாங்க."

"தங்கச்சி வீடு இருக்கையில எங்கண்ணன் லாட்ஜுல படுக்கறதா? ஹனூர் சந்தையில நாலு பேரு கேட்டா எம் மானம் என்னாகுமுங்க? அப்பன் போனதுக்கப்புறம் என்னைத் தூக்கி வளத்தவரு அவரு."

"உன் மானத்துக்கு இந்த வீட்டுல இடம் இருக்கு அம்மணி. பதினேழு பேருக்குத்தான் இல்லை."

அன்று மாலையே ரத்தினசாமி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த விடுதிக்காரர் ஓர் அறைக்கு மூவர்தான் என்றார். பதினேழு பேர் என்றதும் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "கட்சி மாநாட்டுக்கெல்லாம் நாங்க ரூம் தர்றதில்லை சார்."

பூங்காவுக்குள்ளேயே அழகழகான குடில்கள் இருந்தன. வரவேற்பறையில் ஒரு பெண் தேனில் தோய்த்த குரலில் ஓர் இரவு வாடகையைச் சொன்னாள். ரத்தினசாமி சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தொகைக்கு ஹனூரில் ஒரு ஜோடி காளை வாங்கலாம். மறுநாள் காலையிலும் காளை நம்மிடமே இருக்கும்.

மூன்றாவது விடுதியின் முதலாளி சிந்திக்கத் தெரிந்தவர். பாதிப் பேர் தூங்கும்போது பாதிப் பேர் ஊர் சுற்றினால் இரண்டே அறைகளில் முடித்துவிடலாம் என்று வழி சொன்னார். கரியப்பனின் குடும்பம் சாப்பாட்டு வேளையில் எந்தப் பாதியில் இருந்தாலும் ஒன்றுசேர்ந்துவிடும் என்பதை அவர் அறியார்.

சோர்ந்து திரும்பும் வழியில்தான் ரத்தினசாமியின் மூளையில் மின்னல் வெட்டியது. அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கல்யாணச் சத்திரம் இருந்தது. பெரிய கூடம், வரிசையாகக் குளியலறைகள், அண்டா அண்டாவாகத் தண்ணீர். நடப்பதோ ஆடி மாதம். ஆடியில் கல்யாணச் சத்திரத்தில் பல்லிதான் குடியிருக்கும்.

சத்திரத்து மேலாளர் வைத்யநாதன், மூன்று தலைமுறையாக மைசூரிலேயே வேர்விட்ட தமிழர். நெற்றியில் விபூதியும் கையில் சாவிக்கொத்துமாக எதிர்ப்பட்டார்.

"ஹால் காலியா இருந்தா தாராளமாத் தங்கட்டும் ஸார். தண்ணிக்கும் கரண்டுக்கும் ஏதோ கொடுங்கோ, போறும். ஆனா ஒண்ணு. நடுவில கல்யாணம்னு யாராவது வந்துட்டா இடம் அவாளுக்குத்தான். அப்புறம் என்னைக் கோவிச்சுக்கப்படாது."

ரத்தினசாமி வாய்விட்டுச் சிரித்தார். "ஆகஸ்டு பதினஞ்சு என்ன மாசம்? ஆடி. ஆடியில யார் வீட்டுல கல்யாணம்?"

வைத்யநாதன் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "நீங்க மைசூருக்கு எப்ப வந்தேள்?"

"பொறந்ததே இங்கதான்."

"ஓஹோ. சரி, உங்க இஷ்டம்."

மைசூர்க்காரர்கள் ஆஷாட மாதத்தில் கல்யாணம் செய்வதில்லை என்பது ரத்தினசாமிக்குத் தெரியும். ஆஷாட வெள்ளிக்கிழமைகளில் சாமுண்டி மலைக்கு ஏறும் கூட்டத்தை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறார். நம் ஆடியைத்தான் இவர்கள் ஆஷாடம் என்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். ஆக, அவருக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்திருந்தன. அவற்றில் ஒன்று சரி.

வெற்றி வீரராக வீட்டுக்குள் நுழைந்தார். சித்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விடுதிப் படலம் முதல் சத்திரப் படலம் வரை விரித்துரைத்தார். கடைசியில் நிபந்தனையையும் சொல்லிச் சிரித்தார்.

"அன்னிக்கு அங்க கல்யாணம் வந்துட்டா?" என்றாள் சித்தம்மா.

"ஆடியிலயா? அந்தச் சத்திரத்துல அன்னிக்கு மேளச் சத்தம் கேட்டா, பதினேழு பேரையும் நானே இங்க அழைச்சிட்டு வாரேன். என் கட்டிலை நானே தட்டிப் போட்டு உங்கண்ணனைப் படுக்க வெச்சுட்டு, வீட்டை விட்டே வெளிய போயிர்றேன். போதுமா?"

கீரை ஆய்ந்த கை நின்றது. "பேச்சு மாற மாட்டீங்களே?"

"என் பேச்சு ரயில் தண்டவாளம் மாதிரி."

"சரிங்க" என்றாள் சித்தம்மா. கை மறுபடியும் கீரைக்குப் போய்விட்டது.

அவள் அவ்வளவு எளிதாகச் 'சரிங்க' என்றது அவரைத் திடுக்கிட வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. வென்றுவிட்டதாக நினைக்கிற கணவனுக்குக் காது சற்று மந்தமாகிவிடும்.

நாலைந்து நாள் கழித்து, அவர் செய்தித்தாளில் மூழ்கியிருந்தபோது சித்தம்மா பேச்சை எடுத்தாள். "பிரதிபாவோட தங்கச்சி சைத்ராவுக்கு மாப்பிள்ளை அமைஞ்சிருச்சுங்க. மாப்பிள்ளை சீக்கிரம் வெளிநாடு போறாராமா. கல்யாணத்துக்கு இடம் தேடி அலையறாங்க."

"ஆவணி பொறக்கட்டும், போய்ட்டு வரலாம்."

"அவங்க ஆவணி வரைக்கும் காத்திருக்க மாட்டாங்களாட்ட இருக்குதுங்க."

"யாரா இருந்தா என்ன, ஆடியில பண்ண முடியுமா? காத்திருக்கட்டும்."

"சரிங்க."

ஆகஸ்டு பிறந்தது. சித்தம்மா தெருவெல்லாம் பாய் இரவல் வாங்கினாள். சத்திரத்தில் பாய் இருக்காதே என்று ரத்தினசாமி அகமகிழ்ந்தார். அண்ணன் வருவதற்கு முதல் நாள் இரண்டு பெரிய பாத்திரங்களில் இட்லிக்கு அரிசி ஊறவைத்தாள். சத்திரத்துக்குக் காலைச் சிற்றுண்டி அனுப்பப் போகிறாள் என்று நெகிழ்ந்தே போனார். தோற்றவர்களிடம் பெருந்தன்மையாக இருக்க வேண்டும் என்று கருதி, மாவாட்டும் இயந்திரத்துக்கு அவரே தூக்கிக்கொண்டும் போய்வந்தார்.

சுதந்திர தினம் வந்தது. பொன்விழா ஆண்டு என்பதால் தெருவெங்கும் மூவர்ணக் கொடி. மாலையில் ஹனூரிலிருந்து டெம்போ வந்து நின்றது. கதவு திறந்ததும் குழந்தைகள் கொட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரியவர்கள். எல்லோருக்கும் பின்னால் மீசையை நீவிக்கொண்டு கரியப்பன்.

"மாப்பிள்ளை, இந்த வாட்டி நமக்குச் சத்திரமாமில்ல? தங்கச்சி சொல்லுச்சு. ரொம்பச் சிரமப்பட்டு ஏற்பாடு பண்ணுனீங்களாமா."

"உங்களுக்குச் செய்யாம யாருக்கு மச்சான் செய்யப் போறேன்? ஏறுங்க, டெம்போவை என் பின்னாலயே வரச் சொல்லுங்க."

ஸ்கூட்டர் முன்னே, டெம்போ பின்னே. இரண்டாவது தெருமுனை திரும்பியதும் சத்திர வாசலில் மாவிலைத் தோரணம் தெரிந்தது. சுதந்திர தின அலங்காரம் என்றுதான் ரத்தினசாமி முதலில் நினைத்தார். இருபுறமும் குலை தள்ளிய வாழை மரங்கள் நின்றன. அரசாங்கம் வாழை மரம் கட்டாதே என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று முனகியது. மறுகணம் உள்ளேயிருந்து நாதஸ்வரம் எழுந்தது. அதன் தலையில் ஓங்கி ஓர் அடி அடித்தது தவில்.

ஸ்கூட்டர் தானாக நின்றது. ரத்தினசாமியின் இடது கால் தரையை ஊன்றியது. வலது காலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாய் திறந்தது. மூடுவதற்கு ஆணை பிறக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் தேசத்துக்குக் கிடைத்த சுதந்திரம், இன்று மாலை தம்மிடமிருந்து திரும்பப் பெறப்பட்டதாக அவருக்குத் தோன்றியது.

பட்டுச் சேலையில் பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்ற பிரதிபா, அவர் முகத்திலேயே தாராளமாகத் தெளித்தாள். "வாங்க மாமா, ஒளகே வாங்க. எல்லாரும் ஊட்டா மாடிட்டு, சாப்பிட்டுத்தான் போகணும். உங்க உபகாரத்தை மறக்கவே மாட்டோம்."

"என் உபகாரமா?"

"மத்தே? இந்தச் சத்திரம் காலியா இருக்குன்னு நீங்கதானே விசாரிச்சு வெச்சீங்களாம். சித்தம்மாக்கா சொல்லலைன்னா, நம்ம சைத்ரா மதுவே, இந்தக் கல்யாணமே நடந்திருக்காது மாமா. எங்க போனாலும் இடமே இல்லை."

ரத்தினசாமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வைத்யநாதனைப் பிடித்தார். "ஆடி முடியலையே சார். காலண்டர்ல ஆடின்னுதானே போட்டிருக்கு."

"நமக்கு முடியலை. இவாளுக்கு ஆஷாடம் போன அமாவாசையோட முடிஞ்சுடுத்து. நம்ம மாசம் சூரியனைப் பார்த்துப் பொறக்கறது, இவா மாசம் சந்திரனைப் பார்த்து. இப்ப ஷ்ராவணம். ஒரு மாசம் கட்டிப் போட்டிருந்த கல்யாணமெல்லாம் இப்பத்தான் அவுத்துண்டு ஓடி வரும்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"நிபந்தனையைச் சொன்னேனே. நீங்க அவ்வளவு சந்தோஷமாத் தலையை ஆட்டினேள். இங்கேயே பொறந்தவர், ஏதோ தெரிஞ்சுதான் ஆட்டறேள்னு நினைச்சேன்."

டெம்போவிலிருந்து இறங்கிய கரியப்பன் ஆதரவாக அவர் தோளில் கை வைத்தார். "சிராவணம் பொறந்து எத்தனை நாளாச்சு மாப்பிள்ளை. எங்கூர்லயே அடுத்தடுத்துக் கல்யாணமுங்க."

"உங்களுக்குமா தெரியும்?"

"தெரியாம? நான் அப்பவே போன்ல கேட்டேன். தங்கச்சிதான், 'அவரு ஆசை ஆசையாச் செய்யறாரு, நடுவுல பேசிக் கெடுக்காதீங்க'ன்னு சொல்லிப்போட்டுது."

கல்யாண வீட்டில் வயிறார உண்டுவிட்டு ஊர்வலம் திரும்பியது. இம்முறை டெம்போ முன்னே, ஸ்கூட்டர் பின்னே.

வாசலில் சித்தம்மா நின்றிருந்தாள். ஆச்சரியத்தின் நிழல்கூட அவள் முகத்தில் இல்லை. கூடத்தில் பாய்கள் விரிக்கப்பட்டிருந்தன. குளியலறையில் தொட்டி நிரம்பியிருந்தது. அண்ணனைக் கண்டதும் அவள் கண் கலங்கியது. அதை மட்டும் ரத்தினசாமியால் குறை சொல்ல முடியவில்லை.

அவளைச் சமையலறைப் பக்கம் அழைத்துக் கேட்டார். "உனக்குத் தெரியுமா?"

"என்னதுங்க?"

"சிராவணம்."

"ஹனூர்ல பொறந்து வளந்தவளுக்கு அது தெரியாதுங்களா?"

"அப்புறம் ஏன் சொல்லலே?"

"நீங்க ஆடின்னு சொன்னீங்க. ஆடிதானே நடக்குது? நீங்க சொன்னதுல ஒரு தப்பும் இல்லீங்களே."

"பிரதிபாகிட்ட சத்திரத்தைச் சொன்னது?"

"பாவம், இடமில்லாம அலைஞ்சாங்க. நம்மளால ஒரு கல்யாணம் நடந்தா புண்ணியமில்லீங்களா?" என்று சொல்லிவிட்டு, சித்தம்மா குரலை ஒரு படி தாழ்த்தினாள். "அண்ணன் பயணக் களைப்புல நிக்கறாரு. கட்டிலு இன்னும் தட்டிப் போடலீங்க."

ரத்தினசாமி நடு அறைக்குப் போனார். தம் கட்டிலைத் தாமே தட்டினார். புதிய விரிப்பு ஏற்கெனவே மடித்துத் தலைமாட்டில் வைக்கப்பட்டிருந்தது, அதை விரித்தார். கரியப்பன் சங்கடப்பட்டார். சங்கடப்பட்டுக்கொண்டே படுத்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராகத் தலையை உயர்த்தினார். "நீங்க எங்க மாப்பிள்ளை படுப்பீங்க?"

ரத்தினசாமி சமையலறையை எட்டிப் பார்த்தார். அங்கே கரியப்பனின் மருமகள்கள் வரிசையாகப் படுத்துவிட்டார்கள். பரங்கிக்காய்களே வெளியேற்றப்பட்டிருந்தன.

சித்தம்மா ஒரு துணிப்பையை நீட்டினாள். உள்ளே வேட்டி, துண்டு, போர்வை, பற்பொடி. "வெளிய போறேன்னும் சொல்லியிருந்தீங்க. பிரதிபாகிட்டச் சொல்லி வெச்சுட்டேன். சத்திரத்துல ஓரமாப் படுத்துக்கலாமாமா. காலையில வெரசா வந்துருங்க, பூங்காவுக்கு டிக்கெட் வாங்க வரிசையில நிக்கோணும்."

ரத்தினசாமி பையோடு சத்திரத்துப் படியேறினார். பந்தி முடித்து வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த வைத்யநாதன் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன ஸார், பெரிய குடும்பம் தங்கறதுக்கு இடம் வேணும்னேளே. குடும்பம் எங்கே?"

"அவங்களுக்கு இடம் கிடைச்சிருச்சு" என்றார் ரத்தினசாமி. "எனக்குத்தான் வேணும்."