நாற்பத்தேழு மணிக்கூட்டு மாப்பிள்ளை

நோபிள் பார்க்,
மெல்பேர்ண்.
28.09.2003, ஞாயிறு

அன்பும் மதிப்பும் மிக்க அத்தான் மகேந்திரராஜா அவர்களுக்கு,

மைத்துனன் தேவராஜா எழுதிக்கொள்வது. நான் சுகம். என் இடது முழங்கால் இந்தக் குளிரில் அவ்வளவு சுகமில்லை. ஆனால் அதை எழுதினால் பவளமக்கா அழுவா, ஆகையால் அதுவும் சுகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தாங்களும் அக்காவும் பிள்ளை கிரிஜாவும், போன மாதம் கன்று போட்ட பசுவும் குறையில்லாமல் இருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

நிற்க. தாங்கள் கேட்டபடி, தரகர் மூலம் கிரிஜாவுக்கு வந்திருக்கும் மெல்பேர்ண் பெடியன் சிவபாலனைப் பற்றி உள்ளதை உள்ளபடி அறியத்தருகிறேன். ரெலிபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் தங்கியிருக்கும் வீட்டில் ரெலிபோன் இருப்பது பெடியனின் கதிரைக்குப் பக்கத்தில், பெடியன் இருப்பது அந்தக் கதிரையில். கனடாச் சம்பந்தம் தங்களுக்கு மறந்திராது. அன்று விசாரிக்கப் போனவர் வாசலில் நின்று தேத்தண்ணி குடித்துவிட்டு "தங்கமான பெடியன்" என்று எழுதிப் போட்டார். உள்ளே ஒரு பெண்சாதியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தது கலியாணக் கார்ட் அடித்த பிறகுதானே தெரிந்தது. "இந்த முறை வீட்டுக்குள்ளை போய் ஒரு கிழமை இருந்து பார் தேவராஜா. நீ ஓம் எண்டால் ஓம், இல்லை எண்டால் இல்லை" என்று தாங்கள் சொன்னது என் காதை விட்டுப் போகவில்லை. பிள்ளைக்கு முப்பத்திரண்டு முடிகிறது. அந்தப் பயத்தோடுதான் பேனையைப் பிடிக்கிறேன்.

வீட்டுக்குள் போக என் மகள் ரஞ்சினிதான் வழி செய்தாள். பள்ளிக்கூட விடுமுறைக்கு அவர்கள் குடும்பமாகக் குயின்ஸ்லாந்து போக இருந்தார்கள். சிவபாலன் மருமகனுக்குச் சிநேகிதம், இரண்டு தெரு தள்ளி வீடு. "அப்பா திரும்பப் பிளேன் ஏறமாட்டாராம், ஒரு கிழமை உங்களோட இருக்கட்டுமோ?" என்று கேட்டாள். கேட்டவுடன் "அதுக்கென்ன, அங்கிள் வரட்டும்" என்று சொல்லிவிட்டான். கிரிஜாவின் மாமன் நான்தான் என்று நாங்கள் ஒருவரும் மூச்சு விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் பையோடும், ரஞ்சினி காய்ச்சித் தந்த கத்தரிக்காய்க் குழம்போடும் போய் இறங்கினேன். அந்தக் கத்தரிக்காயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இங்கே கத்தரிக்காய் ஒன்று எங்கள் ஊர்ப் பூசணிப் பிஞ்சளவு வருகிறது, ஆனால் உப்பும் பிடிக்காது புளியும் பிடிக்காது. அதை விடுவோம்.

கதவைத் திறந்ததும் ஏதோ பூச்சிக்கூட்டம் இரைவது போல ஒரு சத்தம். பார்த்தால் முன்னறைச் சுவர் முழுக்கக் கண்ணாடி அலுமாரி, அதற்குள் கொளுக்கி கொளுக்கியாகச் சங்கிலி மணிக்கூடுகள். கையில் கட்டுவதல்ல, சட்டைப்பையில் வைக்கிற, உள்ளங்கை நிறைந்த வட்ட மணிக்கூடுகள். எண்ணினேன். நாற்பத்தேழு. நான் எண்ணிக்கையில் பிழைவிடமாட்டேன் என்பது வெங்காய மூட்டை ஏற்றின காலத்திலேயே தங்களுக்குத் தெரியும்.

"தம்பி, நீர் மணிக்கூட்டுக் கடை வைச்சிருக்கிறீரோ? டான்டினோங்கிலை இஞ்சினியர் வேலை எண்டெல்லோ சொன்னவை?"

"வேலை அதுதான் அங்கிள். இது சும்மா சேர்க்கிறனான். அமெரிக்காவிலை முந்தி ரயில் ஓட்டினவை, கொடி காட்டுற காட்மார், அவையள் வைச்சிருந்த மணிக்கூடுகள். நூறு வருசம் வரும்."

"அவையள் இப்ப எங்கை?"

"ஆர் அங்கிள்?"

"அந்த ரயில்காரர்."

பெடியன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "செத்துப் போச்சினம்."

"நாப்பத்தேழு பேருமோ?"

"ஓம்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "சில மணிக்கூட்டுக்கு ரெண்டு, மூண்டு பேர்."

அத்தான், நான் அலுமாரியை விட்டு இரண்டடி பின்னால் போனேன். செத்தவரின் செருப்பைக்கூட வளவுக்குள் வைத்திருக்க மாட்டோமே நாங்கள்! இவன் அமெரிக்கா முழுவதின் செத்தவீட்டுத் துடக்கையும் கொண்டுவந்து கொளுக்கியில் தொங்கவிட்டிருக்கிறான். சில மணிக்கூட்டின் முதுகில் பெயர்கூட வெட்டியிருக்கிறது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க அந்த அறையில் இருந்து நான் எப்படிச் சோறு தின்பது? பெடியனுக்கோ ஒரு கூச்சமும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை வைத்திருக்கிறான், நேற்றைக்கு எத்தனை செக்கன் முந்தியது, இன்றைக்கு எத்தனை பிந்தியது என்று பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல எழுதுகிறான்.

"என்னத்துக்குத் தம்பி இவ்வளவு பாடு?"

"அங்கிள், ரயில்காரரின்ரை மணிக்கூடு ஒரு கிழமைக்கு முப்பது செக்கனுக்கு மேலை பிழைக்கக் கூடாது. பிழைச்சால் ஒரே தண்டவாளத்திலை ரெண்டு ரயில் மோதும்."

"உம்மடை வீட்டுக்குள்ளாலை எத்தினை ரயில் ஓடுது?"

சிரித்துக்கொண்டு அடுத்த அட்டையை எடுத்தான்.

இதாவது பரவாயில்லை என்று நினைக்கும்படி அடுத்தது வந்தது. திங்கள் காலமை ரெலிபோனை எடுத்தான், நாலு இலக்கம் அமத்தினான், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரன் குரல், கட்டளை போடுகிற குரல். இவன் கையிலை மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு வாய்பொத்திக் கேட்டான், அட்டையில் எழுதினான், வைத்துவிட்டான். செவ்வாயும் அப்படி. புதனும் அப்படி. சரி, பெடியன் ஆரோ பெரிய ஆளின்ரை பிடிக்குள்ளை அகப்பட்டுப்போனான், அவன் சொல்லுறதைத்தான் இவன் செய்யிறான் எண்டு எனக்கு விளங்கிப்போச்சுது. எங்கடை பிள்ளை வந்தால் அவளும் அந்தப் பிடிக்குள்ளைதானே? புதன்கிழமை அவன் வேலைக்குப் போனதும், கடைசியா எடுத்த இலக்கத்தைத் திருப்பி எடுக்கிற பொத்தானை அமத்தினன். அது எனக்குப் பேத்தி சொல்லித் தந்தது, கெட்டிக்காரி, ஆனால் தமிழிலை கேட்டால் இங்கிலீசிலைதான் பதில் சொல்லுவாள். அந்த வெள்ளைக்காரன் வந்தான். "ஐயா, ஐ அங்கிள். திஸ் போய் குட் போய்" எண்டு சொன்னன். அவன் காதிலை விழுத்தினால்தானே! தன்ரை பாட்டிலை சொல்லிக்கொண்டே போறான், இடைக்கிடை கூக் கூக் எண்டு ஒரு சத்தம் வேறை. நான் மரியாதைக்கு ஓம், ஓம் எண்டு சொல்லிக்கொண்டு அஞ்சு நிமிஷம் நிண்டன். பின்னேரம் பெடியன் வந்ததும் பிடிச்சுக் கேட்டன்.

"ஆர் தம்பி அந்த ஆள்? பயப்பிடாமல் சொல்லும்."

"அது நேரம் சொல்லுற குரல் அங்கிள். ரெக்கோட் பண்ணி வைச்சிருக்கினம். எங்கடை மணிக்கூடு சரியோ எண்டு அதோடதான் பார்க்கிறது."

"நேரம் அவனிட்டைக் கேக்கலாம் எண்டால், பிறகு இந்த நாப்பத்தேழும் என்னத்துக்கு?"

இதுக்கும் சிரிப்புத்தான். பெடியன் இஞ்சினியருக்குப் படிச்சவன், இந்தச் சின்னக் கேள்விக்குப் பதில் இல்லை.

அத்தான், இனித்தான் பெரிய சங்கதி. இருந்துகொண்டு வாசியுங்கோ. வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரிட்ஜைத் திறந்தன். கத்தரிக்காய்க் குழம்புக்கும் தயிருக்கும் நடுவிலை, பிளாஸ்டிக் பைக்குள்ளை ஒரு மணிக்கூடு! குளிரிலை ஓடிக்கொண்டிருக்கு! குளிருக்குள்ளையும் வெக்கைக்குள்ளையும் வைச்சு, பிழைக்குதோ எண்டு சோதிக்கிறதாம். அது பிறகுதான் எனக்குத் தெரியும். அப்ப நான் நினைச்சது, பாவம், தனிய இருந்து இருந்து பெடியனுக்கு அறளை பேந்து புத்தி மாறிப்போச்சு, மணிக்கூட்டை எங்கை வைக்கிறதெண்டும் தெரியேல்லை எண்டுதான். வெளியிலை எடுத்துப் பார்த்தன். கறுத்து மங்கிப்போய்க் கிடந்தது. பெண்பிள்ளை இல்லாத வீடு, மினுக்க ஆளில்லை. நவராத்திரியும் வந்திட்டுது. சும்மா இருந்து சாப்பிடுற எனக்கும் வெக்கமாயிருந்தது. குசினியிலை பழப்புளி இருந்தது. வளவுக்குள்ளை செங்கட்டி கிடந்தது. இந்த நாட்டுச் செங்கட்டி இருக்கே அத்தான், அது கல்லில்லை, இரும்பு. சுத்தியலாலை அரை மணித்தியாலம் தட்டி, மாவரிக்கிற அரிதட்டிலை அரிச்சு எடுத்தன். குத்துவிளக்கு மினுக்கிற மாதிரிப் புளியைப் பூசி, தூளைப் போட்டு, சட்டி தேய்க்கிற கம்பித் தும்பாலை தேய் தேயெண்டு தேய்ச்சன்.

அதின்ரை முதுகிலை ஒரு ரயில் வெட்டியிருந்தது, எஞ்சின், சில்லு, மேலை புகை. ஏற்கெனவே தேய்ஞ்சு கிடந்தது. முதலிலை புகை போச்சுது. நான் அழுக்குப் போகுதெண்டு சந்தோசப்பட்டன். பிறகு சில்லு போச்சுது. இன்னும் கொஞ்சம் அமத்தித் தேய்ச்சன். எஞ்சினும் போச்சுது. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு! ஒரு தட்டிலை வைச்சு, திருநீறு பூசி, ஒரு பூவும் வைச்சுக் குசினி மேசையிலை வைச்சன்.

பெடியன் வேலையாலை வந்து பிரிட்ஜைத் திறந்தான். மூடினான். திரும்பவும் திறந்தான். பிறகுதான் தட்டைக் கண்டான். எடுத்தான், பிரட்டினான்.

"அங்கிள், இதிலை ஒரு ரயில் நிண்டது."

"ஓம் தம்பி. அது அழுக்கோட போயிட்டுது."

அப்பிடியே நிலத்திலை இருந்திட்டான். மணிக்கூட்டைக் காதிலை வைச்சுப் பார்த்தான். "ஓடுது" எண்டு தனக்குத்தானே சொன்னான். நான் செய்த பிழை எனக்கு விளங்கத் தொடங்கினது அப்பதான். என்ன பேச்சு விழப்போகுதோ எண்டு நிக்கிறன், பெடியன் எழும்பி வந்து கேட்டான்: "அங்கிள், சாப்பிட்டீங்களோ?" சோத்தைச் சூடாக்கிப் போட்டுத் தந்தான். அப்பளம்கூடப் பொரிச்சான். பிறகு "பால் வாங்கப் போட்டு வாறன்" எண்டு வெளியிலை போனான். அத்தான், பிரிட்ஜுக்குள்ளை ரெண்டு போத்தல் பால் இருந்தது. நான்தானே கண்டனான். திரும்பி வரேக்கை கையிலை பால் இல்லை.

இதுதான் என்னை உலுப்பின சங்கதி. கோவமே வராத மனிசன் ஆர்? நான் உங்கடை சைக்கிள் மணியைக் களட்டினதுக்கு நீங்கள் ஒரு வருசம் என்னோட பேசாமல் இருக்கேல்லையோ? அதுதான் மனிசன். அப்பிடிப்பட்ட ஆளை எங்களாலை அளக்கலாம். இவனை என்னத்தாலை அளக்கிறது? எல்லாத்தையும் உள்ளுக்குள்ளை போட்டு வைச்சிருந்து, ஒரு நாளைக்கு எங்கடை பிள்ளையிலை இறக்கினான் எண்டால், இந்த அந்தரத்திலை அவள் ஆரிட்டை ஓடுவாள்? கனடாவிலை வாசலிலை நிண்டு பார்த்தவை. நான் குசினி வரைக்கும் போய்ப் பார்த்திட்டன். எனக்கு மனம் ஒப்பேல்லை.

ஆகவே அத்தான், இந்தச் சம்பந்தம் வேண்டாம். தரகரிடம் சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிடுங்கள். கிரிஜாவுக்கு என் ஆசிகள். மனம் தளரவேண்டாம் என்று சொல்லுங்கள். அக்காவுக்கு என் அன்பு, கன்றுக்குட்டிக்கு ஒரு தடவல்.

தங்கள் நலம் நாடும் மைத்துனன்,
தேவராஜா

பி.கு.: அத்தான், இது திங்கட்கிழமை காலமை. கடிதத்தைப் போட உறை ஒண்டு கேட்டன். "மேசை லாச்சிக்குள்ளை இருக்கு அங்கிள்" எண்டு சொல்லிப்போட்டு வேலைக்குப் போனவர். திறந்தால், உறைகளுக்கு மேலை ஒரு அட்டை. மணிக்கூட்டு அட்டையெல்லாம் இங்கிலீசு. இது மட்டும் தமிழ். நான் பார்க்கட்டும் எண்டுதான் வைச்சாரோ தெரியாது. அதை அப்பிடியே பார்த்து எழுதுறன்:

"தேவராஜா அங்கிள். கிரிஜாவின் மாமா (ஒருவரும் சொல்லவில்லை, தரகர் தந்த கிரிஜாவின் படத்திலிருக்கும் அதே மூக்கு). திங்கள்: 4.30க்கு எழும்பினார். செவ்வாய்: 4.30. புதன்: 4.31, நேரம் சொல்லும் ஆளோடு கதைத்தார். வியாழன்: 4.30. வெள்ளி: ரயிலை அழித்தார். சரியான கோபம் வந்தது. பால் வாங்கப் போவதாகப் பொய் சொல்லி நாற்பது நிமிஷம் நடந்தேன். திரும்பி வந்தபோது கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு, குளிருக்குள் வாசல்படியில் எனக்காகக் குந்தியிருந்தார். கோபம் போய்விட்டது. கிரிஜா மாமாவைப் போல என்றால் அலுமாரிக்கு ஒரு பூட்டு வேண்டும். எப்படியென்றாலும் எனக்குச் சம்மதம். அங்கிள் ஊருக்கு என்ன எழுதுகிறார் என்றுதான் தெரியவில்லை."

அத்தான், முழுக் கடிதத்தையும் திரும்ப எழுத என்ரை கையாலை ஏலாது. நீங்கள் இந்தப் பின்குறிப்பிலை இருந்து வாசிக்கத் தொடங்குங்கோ, மேலை உள்ளதைக் கிழிச்சு அடுப்புக்குள்ளை போடுங்கோ, பிள்ளையின்ரை கண்ணிலை படுறதுக்கு முன்னம். மாப்பிள்ளைக்குக் கோவம் வருது. நாப்பது நிமிஷத்திலை போகுது. உங்களுக்கு ஒரு வருசம் எடுத்தது.

நாள் வையுங்கோ. முகூர்த்தத்தை ஐயரிட்டைச் செக்கனோட கேட்டு எழுதுங்கோ. மாப்பிள்ளை கேட்பார்.