நீர்யானைக்குப் பெயர் வைத்த கும்பல்

நாட்டைக் காப்பாற்றியே தீருவது என்று செய்தியாளர் முடிவெடுத்தது தூக்கத்துக்காகத்தான். மற்றபடி நாட்டின் மேல் அவருக்குத் தனிப்பட்ட பாசமோ வருத்தமோ கிடையாது.

வீட்டில் ஐந்து மாதக் குழந்தை. பெண். உருவத்தில் தலையணை அளவு, குரலில் ரயில் நிலையம் அளவு. ராத்திரி முழுக்க மனைவி தோளில் போட்டுக்கொண்டு நடப்பாள். செய்தியாளருக்குத் தொலைக்காட்சியில் விடியற்காலை வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி குழந்தையை அவர் கையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாயங்காலம் வரைக்கும் குழந்தை அவர் பொறுப்பு. இதுதான் இருவருக்கும் ஒப்பந்தம். ஒப்பந்தம் பேசியபோது தான் பாதித் தூக்கத்தில் இருந்ததாகவும், அதனால் அது செல்லாது என்றும் செய்தியாளர் பலமுறை மனதுக்குள் வாதாடி ஜெயித்திருக்கிறார். வெளியே சொன்னதில்லை.

அவருக்கும் அந்த நேரத்தில்தான் கண் சொக்கும். கண் சொக்குகிற மனிதன் கையில், அப்போதுதான் கண் விழித்த குழந்தை. உலகத்தில் எத்தனையோ அநியாயம் நடக்கிறது. அவர் பார்த்தது இந்த ஒன்றைத்தான்.

இப்படி இருக்கும்போதுதான் அவர் அலுவலகத்தில் அந்த நாற்காலியைக் கண்டுபிடித்தார். ஒப்பனை அறையில் இருந்தது. பின்னால் சாய்த்தால் கட்டிலாகிவிடும். காலைச் செய்தி முடிந்தால் சாயங்காலம் வரை அந்த அறையில் ஈ, காக்கை கிடையாது. ஏசி வேறு. நாற்காலியை முதன்முதலில் சாய்த்துப் பார்த்தபோது செய்தியாளரின் முகம் மலர்ந்த மாதிரி கல்யாணப் போட்டோவில்கூட மலர்ந்ததில்லை. ஆனால் மத்தியானத்துக்கு மேல் அலுவலகத்தில் இருக்கக் காரணம் வேண்டும். வீட்டில் சொல்கிற மாதிரி காரணம். சாதாரணக் காரணமெல்லாம் மனைவியிடம் நிற்காது. நாட்டுக்கு ஏதாவது ஆனால்தான் உண்டு.

நாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மிருகக்காட்சிசாலையில் ஒரு நீர்யானை குட்டி போட்டிருந்தது, அவ்வளவுதான்.

குட்டிக்குப் பெயர் சொல்லுங்கள், இணையத்தில் வந்து ஓட்டுப் போடுங்கள் என்று காட்சிசாலைக்காரர்கள் கேட்டிருந்தார்கள். முத்து, மாணிக்கம், வைரம் என்று நல்ல பெயர்களாக அவர்களே நாலைந்து கொடுத்து, கடைசியில் நீங்களே ஒரு பெயரும் எழுதலாம் என்று தெரியாத்தனமாக ஒரு கட்டம் விட்டிருந்தார்கள். விடிந்து பார்த்தால் ஆயிரக்கணக்கான ஓட்டில் ஜெயித்திருந்த பெயர், கொட்டாவி.

காட்சிசாலை அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். செய்தியாளர் கைதட்டினார். இந்த வேலை எங்கிருந்து கிளம்பியது என்று தேடியதில் இணையத்தில் ஒரு பக்கம் அகப்பட்டது. விழித்திருப்போர் சங்கம் என்று பெயர். உறுப்பினர் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, முகம் கிடையாது. நனைந்த தோள், மூன்றாவது தலையணை, இன்னும் விடியலை என்று பட்டப்பெயர்கள். எல்லார் படத்துக்கும் பதிலாக ஒரு காலிப் புட்டி. செய்தியாளர் முதல் திரையைப் பார்த்தார். கொட்டாவி வந்தது. மூடிவிட்டார். அடுத்த திரைக்கு மட்டும் போயிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

அன்று காலைச் செய்தியில், திரைக்குக் கீழே ஓடும் எழுத்தில், அவர் எழுதிக் கொடுத்தது இது: யார் இந்த முகமற்றவர்கள்? இன்று நீர்யானை. நாளை?

செய்தி ஆசிரியர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, "நாளைக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டிருக்க பாரு, அங்க நிக்கிறப்பா நீ" என்றார். அந்த மனிதர் இருபது வருஷமாகக் கேள்விக்குறியை விற்றுத்தான் நிலையத்தை நடத்துகிறார். நாளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்கூடக் கேள்விக்குறியை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது அல்லவா.

தினமும் மத்தியானம் ஒரு சிறப்பு நிகழ்ச்சி என்று முடிவானது. பொறுப்பு செய்தியாளருக்கு. அதைக் காலையிலேயே பதிவு செய்து வைத்துவிட்டு, வீட்டுக்குப் போன் போட்டு, நிலைமை கைமீறிப் போய்க்கொண்டிருக்கிறது, இன்றைக்கு வரமுடியாது போலிருக்கிறது என்று தழுதழுத்த குரலில் சொல்லிவிட்டு, நாற்காலியைச் சாய்த்துக்கொள்வார். நாட்டைக் காப்பது இவ்வளவு சுகமான வேலை என்று அவருக்கு யாரும் முன்னாடியே சொல்லவில்லை.

நிகழ்ச்சிக்கு நிபுணர் வேண்டும் அல்லவா. அலுவலகத்துக்குக் கீழே கணினி பழுதுபார்க்கும் கடைக்காரருக்கு ஒரு கோட்டு மாட்டி உட்காரவைத்தார்கள். காலிப் புட்டி என்றால் இழப்பதற்கு எங்களிடம் எதுவும் இல்லை என்று அர்த்தம் என்றார் அவர். நனைந்த தோள் எதில் நனைந்தது என்பதை நினைத்தாலே நடுக்கமாக இருக்கிறது என்றும் சொன்னார். அடுத்த நாள் கோட்டு பழகிவிட்டது. இந்தக் கும்பல் போன் காமிரா வழியாக வீட்டுக்குள் பார்க்கும், குறிப்பாகக் குழந்தை இருக்கும் வீடுகளை, என்று ஒரு போடு போட்டார். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. ஆசிரியர் மட்டும், அதைச் சிவப்பு எழுத்தில் ஓடவிடுங்கள் என்றார்.

ஊர் ஆடிப்போய்விட்டது. மாடி வீட்டுத் தையற்கார அக்கா பிளவுஸ் தைத்து மிஞ்சிய துணியை வட்டவட்டமாக வெட்டி, குடியிருப்பில் இருக்கிற எல்லார் போன் காமிராவுக்கும் ஒட்டிக்கொண்டு வந்தார். செய்தியாளர் போனுக்கு ஊதாப் பூப் போட்டது. மாமியார் தன் வீட்டு இணையப் பெட்டியைப் போர்வையில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, மாப்பிள்ளை தனியாக இந்தக் கும்பலோடு மோதுகிறாரே என்று மகளிடம் அழுதாராம். மருமகன் பெருமையாகக் கேட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது தொட்டில் இடம் மாறியிருந்தது. ஜன்னல் ஓரம் இருந்த கனமான மரத் தொட்டில், அறையின் அந்தக் கோடிச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. தரையில் இழுத்த கோடு. ஜன்னலுக்குப் படுக்கை விரிப்பு கட்டியிருந்தது. பெருக்குவதற்காக நகர்த்தியிருப்பாள் என்று செய்தியாளர் எண்ணிக்கொண்டார். பெருக்குவதற்கு யாரும் ஜன்னலை மறைத்துக் கட்டுவதில்லை என்பது தோன்றத்தான் செய்தது. தோன்றியதைத் தள்ளிவைத்தார்.

மனைவி குழந்தையை இறக்கிவிடாமல் நின்றுகொண்டே கேட்டாள். "ஏங்க, குழந்தை இருக்கிற வீடாப் பாத்துப் பாக்கறாங்களாமே. நெஜமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளை மத்தியானம் வீட்டில் இருக்கவேண்டி வரும்.

"ஜாக்கிரதையா இரு. அதுக்குத்தானே நான் ஆபீசே கதின்னு கிடக்கறேன்" என்றார்.

அவள் தலையாட்டினாள். அன்று ராத்திரி குழந்தை தூங்கிய பிறகும் அவள் நடந்துகொண்டே இருந்ததை, செய்தியாளர் தூங்கிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் சில நாளில் ஜன்னல் விரிப்பு அவிழ்ந்தது. மனைவி பயத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். இன்றைக்கும் வரமாட்டேன் என்று போனில் சொன்னால், சரிங்க, நாடுதான் முக்கியம் என்று பதமாகச் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் முதல் தடவையே சரி என்று சொன்னதில்லை. விவரமுள்ள கணவனாக இருந்தால் அந்த இடத்திலேயே உஷாராகியிருப்பான். நம் ஆளுக்குத் தூக்கக் கலக்கம்.

ஒரு நாள் ஆசிரியர் ஒப்பனை அறைக்கே ஓடி வந்தார். நாற்காலியில் கிடந்த செய்தியாளர், யோசித்துக்கொண்டிருந்தேன் சார் என்று எழுந்தார். ஆசிரியர் காதில் அது விழவில்லை. நிலையத்துக்கு ஒரு செய்தி வந்திருந்தது. கும்பலின் தலையாக நிபுணர் அடையாளம் காட்டிய அதே நனைந்த தோள், பேட்டி கொடுக்கச் சம்மதம் என்று சொல்லியிருந்தது. நிபந்தனைகள் உண்டு. இந்தச் செய்தியாளர் ஒருவர்தான் வரவேண்டும். மத்தியானம்தான் வரவேண்டும். காமிரா கூடாது. வாசலில் செருப்பைக் கழற்றவேண்டும். அழைப்பு மணியை அடிக்கவே கூடாது. உள்ளே வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும்.

கடைசி நிபந்தனைக்கு நிபுணரின் கருத்தைக் கேட்டார்கள். கைரேகை விஷயமாக இருக்கும் என்றார், கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு.

செய்தியாளர் நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். இல்லாத கும்பலுக்குத் தலை எப்படி முளைத்தது? போகமாட்டேன் என்றால் ஏன் என்பார்கள். நான் அந்தப் பக்கத்தில் ஒரு திரைக்கு மேல் படிக்கவே இல்லை சார் என்று சொன்னால் வேலை போகும். ஆசிரியர் அவர் தோளைத் தட்டி, உனக்கு ஏதாவது ஆனா அதையும் முதல்ல நாமதான் போடுவோம், பயப்படாதே என்று தைரியம் சொல்லி அனுப்பினார்.

முகவரி ஓட்டுநரிடம் மட்டும் கொடுக்கப்பட்டது. அதுவும் ஒரு நிபந்தனை. கார் கிளம்பியது. சாகப் போகிற மனிதனுக்குத் தூக்கம் வருமா? இவருக்கு வந்தது. ஓட்டுநர் தோளைத் தொட்டு எழுப்பியபோது கார் அவருடைய தெருவில், அவருடைய குடியிருப்பு வாசலில் நின்றது.

"என்னப்பா, பழக்க தோஷத்துல வீட்டுக்கே கொண்டுவந்துட்டியா?"

"எழுதிக் கொடுத்த முகவரி இதுதான் சார்" என்றார் ஓட்டுநர். கதவு எண்ணையும் படித்துக் காட்டினார்.

கும்பல் வீட்டுக்குள் புகுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். மாடிப்படியை எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. மணியின் மேல் விரலை வைத்து, நிபந்தனை ஞாபகம் வந்து எடுத்து, கதவைத் தள்ளினார். திறந்தே இருந்தது. மனைவி நின்றுகொண்டிருந்தாள். தோளில் குழந்தை. தோளில் வழக்கமான இடத்தில் வழக்கமான பால் கறை, ஈரமாக.

"கை கழுவிட்டு வாங்க" என்றாள்.

கழுவினார். சோப்புப் போட்டு. நுரை வடிகிற நேரத்துக்குள் ஒவ்வொன்றாக விளங்கியது. ராத்திரி தூங்கமுடியாத அம்மாக்கள் ஒருவருக்கொருவர் புலம்பிக்கொள்கிற இடம் அது. பெயர் போட்டுப் புலம்பினால் மாமியார் படிப்பாள் என்பதால் பட்டப்பெயர். ஒரு ராத்திரி யாருக்கோ சிரிக்கவேண்டும் போலிருந்தது. நீர்யானை மாட்டியது.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றார் கையைத் துடைத்துக்கொண்டே.

"மொதல்ல தெரியல. மாடி அக்கா சொன்னதை மட்டும் கேட்டு நானும் பயந்தேன். தொட்டிலைத் தனியா இழுத்தேன். போனைப் பாத்திரத்துல போட்டு மூடி வெச்சேன். ரெண்டு ராத்திரி வாசக் கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன், குழந்தை தூங்கின நேரத்துலகூட." அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அப்புறம்தான் உங்க டிவியைப் போட்டுப் பாத்தேன், காட்டின பக்கத்துல என் பட்டப்பெயரே ஓடுச்சு. என்னைப் பாத்துத்தான் நான் பயந்துக்கிட்டிருந்திருக்கேன்."

செய்தியாளர் நாட்டு நலன், அலுவலக நெருக்கடி என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கும்வரை அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, உங்கள் ஒப்பனைக்காரப் பெண்ணுக்கு இரட்டைக் குழந்தைகள், தெரியுமா என்று விசாரித்தாள். அவளும் சங்கத்தில்தான் இருக்கிறாளாம். மறந்த பையை எடுக்க மத்தியானம் போனால் தன் நாற்காலியில் ஒருவர் குறட்டை விடுகிறார், ஒரு காலில் கறுப்பு சாக்ஸ், ஒரு காலில் பழுப்பு என்று எழுதியிருந்தாளாம். துவைத்த ஜோடி இல்லையென்று ஒரு நாள் காலை கறுப்பும் பழுப்புமாக எடுத்துக் கொடுத்ததே மனைவிதான்.

"மன்னிச்சுடு" என்றார்.

"சரி" என்று குழந்தையை அவர் கையில் வைத்தாள். "பேட்டி ஒரு நாள்ல முடியாது, தொடராத்தான் தருவேன்னு உங்க ஆசிரியருக்கு எழுதிட்டேன். ரொம்ப சந்தோஷம்னார். தினமும் மத்தியானம் இங்கதான் உங்களுக்கு டியூட்டி."

"எத்தனை நாளைக்கு?"

"பல்லெல்லாம் முளைக்கட்டும், பாக்கலாம்."

"நான் ஆசிரியர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டா?"

"சொல்லுங்களேன். கும்பலே கிடையாது சார், எல்லாம் பால் புட்டி கழுவற பொம்பளைங்க, நான்தான் படிக்காம எழுதிட்டேன்னு சொல்லுங்க. ஓட்டுநர் கீழதான் நிக்கறார். கூப்பிடவா?"

செய்தியாளர் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். குழந்தை அவர் கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது. மனைவி உள்ளே போனாள். போகிற போக்கில் போனை எடுத்து ஒரு வரி தட்டினாள், சங்கத்துக்காக இருக்கும். கதவு சாத்திக்கொண்டது. கட்டில் ஒரு தடவை கிறீச்சிட்டது. அதற்கப்புறம் அந்த அறையிலிருந்து மெல்ல ஒரு குறட்டை கிளம்பியது. கல்யாணமான இத்தனை காலத்தில் மனைவிக்குக் குறட்டை விடத் தெரியும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

குழந்தை கண்ணாடியைக் கீழே போட்டது. அவரை நிமிர்ந்து பார்த்தது. உதடு கோணியது. மூச்சை இழுத்துப் பிடித்தது.

பையில் போன் அதிர்ந்தது. ஆசிரியராகத்தான் இருக்கும். தலைவர் பேச ஆரம்பித்துவிட்டார் என்று பதில் போடவேண்டும். அதற்கு ஒரு கையாவது காலியாக வேண்டுமே.