இழுக்கிற வண்டி

எத்திராஜ் தன் ஐம்பத்தெட்டு வயதில் மொத்தம் நான்கு முடிவுகள் எடுத்திருக்கிறார். அதில் மூன்றை மனைவி கன்னியம்மா எடுத்தாள். நான்காவதை மட்டும் அவரே, யாரையும் கேட்காமல், திருவொற்றியூர் வீட்டில் கணுக்கால் பிசகிக் கட்டிலில் கிடந்தபோது எடுத்தார். தன் மினி வேனுக்கு ஒரு கொக்கி வைத்துவிடுவது என்பதுதான் அந்த முடிவு.

சும்மா கொக்கி இல்லை. இன்னொரு வண்டியைக் கோர்த்து இழுத்துப் போகிற கொக்கி. ராயபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பஷீர் அதற்கு ‘டோயிங் பேக்கேஜ்’ என்று பெயர் சொல்லியிருந்தார். கொக்கி ஒன்று, தகடு இரண்டு, போல்ட்டு எட்டு, சங்கிலி ஒன்று, விளக்குக்கு ஒயர் ஒன்று. எத்திராஜ் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். இரண்டு தடவையும் பதின்மூன்று வந்தது. ஒரு கொக்கிக்குப் பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்களா என்று மலைத்துப்போனார்.

வேனுக்கு வயது இருபத்தொன்று. விடிந்ததும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார். ஆயில் மட்டம் பார்ப்பார். எண்ணூர் அனல்மின் நிலையத்திலிருந்து பறந்து வந்து கண்ணாடியில் படிகிற சாம்பலைப் பனியன் துணியால் துடைப்பார். உப்புக் காற்றில் துரு பூக்கும். இடது கதவில் பதினான்கு இடம், வலது கதவில் ஒன்பது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு பெயின்ட் தொட்டு வைப்பார். குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கிற பக்குவம்.

இவ்வளவு சீராட்டியும், காசிமேட்டில் கன்னியம்மாவின் மீனை ஏற்றிக்கொண்டு மீஞ்சூர் மார்க்கெட்டுக்குக் கிளம்பினால் வேன் நடுவழியில் நிற்கும். வேன் நின்றால் மீன் நாறும். மீன் நாறினால் கன்னியம்மா பேசுவாள். அதற்கு மீன் நாற்றமே தேவலை.

புதன்கிழமையும் அப்படித்தான் நின்றது. தள்ளப்போனதில் எத்திராஜுக்குக் கணுக்கால் பிசகியது. வேன் பஷீர் பட்டறைக்குப் போனது, எத்திராஜ் கட்டிலுக்குப் போனார். கன்னியம்மா தீர்ப்புச் சொன்னாள்.

“ஞாயித்துக்கெயமை வரிக்கும்தான் டைமு. அந்த வண்டி அதோட சோத்த அதே சம்பாரிக்கணும். இல்லாங்காட்டி காயலாங்கடைக்காரன வரச் சொல்லிடுவேன்.”

காயலாங்கடையில் கதவு தனியாக, கண்ணாடி தனியாகப் பிரித்துப் போடுவார்கள். இருபத்துமூன்று பொட்டும் எந்தக் குவியலில் போய்ச் சேருமோ. அந்தக் கலக்கத்தில்தான் கொக்கி முடிவு பிறந்தது. கூச்சத்தோடு சொன்னார்.

“ஐஸ் ஃபேக்டரில ஆள் தேடிகினு கீறாங்கோ, ம்மே. ஐஸ் வண்டிய காசிமேட்டு ஹார்பருக்கு இழுத்துகினு போவணும். தெனம் ரெண்டு நடை. நம்ப வண்டிக்கு டோயிங் பேக்கேஜ் போட்டா...”

“இன்னா போட்டா?”

“டோயிங்.”

“தோ இங்கன்னு நட்டநடு ரோட்டுல நின்னுகினுதான கீது. அத்தச் சொல்றதுக்கு ஒரு பேக்கேஜு வேறயா?”

“தோ இங்க இல்ல, டோயிங். இங்கிலீசு. இழுக்கிறதுன்னு அர்த்தம்.”

“யாரு, இதுவா? நாலு கூட மீனுக்கே இதுக்கு மூச்சு வாங்குது. இது ஐஸ இழுத்துச்சுன்னா, ஐஸு உருகித் தண்ணியா ஓடிப் போயி இதுக்கு முன்னாடி காசிமேட்டுல நிக்கும்.”

“கொக்கி வச்சிட்டா இழுத்துடும்.”

“கொக்கி இழுக்காதுய்யா. இன்ஜின்தான் இழுக்கணும்.”

“பேக்கேஜுல பதிமூணு அயிட்டம் கீது.”

“பதிமூணுல இன்ஜின் கீதா?”

எத்திராஜ் மனசுக்குள் மறுபடி எண்ணினார். இல்லைதான்.

கன்னியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “சரி, போட்டுடு” என்றாள்.

எத்திராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் ‘சரி’ என்றது இதுவே முதல் தடவை. இப்பேர்ப்பட்ட மனசுக்காரியையா தப்பாக நினைத்தோம் என்று கண் கலங்கினார்.

போனை எடுத்தால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுத்தில்தான் புலி. படித்தது நாலாம் வகுப்பு என்றாலும் அளந்து எழுதுவார். ஒரு சீட்டில் எழுதினார்:

‘ஆயில் மாற்றவும். பிரேக் பார்க்கவும். நாலு சக்கரத்துக்கும் பேரிங் பார்க்கவும். இழுக்கிற வண்டிக்கு வைக்கிற கொக்கி வைக்கவும், நல்ல கெட்டியாக.’

கெட்டியாக என்பதன் கீழே ஒரு கோடு போட்டார்.

“பஷீர் பாய் கைல குடு. ஒரு எழுத்து மாறக் கூடாது.”

“நான் அஞ்சாங்கிளாசு. உன்னவிட ஒரு கிளாசு ஒசத்தி. குடு இப்டி.”

ஞாயிற்றுக்கிழமை காலை கணுக்கால் தேறிவிட்டது. இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் ராயபுரம் போய் இறங்கினார்கள். பட்டறை வாசலில் வேன் குளித்து முழுகி நின்றது. எத்திராஜ் நேராகப் பின்பக்கம் போனார். கொக்கி இல்லை. குனிந்து பார்த்தார். இல்லை. படுத்துப் பார்த்தார். அப்போதும் இல்லை.

“அங்க இன்னா தேட்றீங்க நைனா? முன்னாடி வாங்க” என்றார் பஷீர்.

முன்னால் வந்தார். பம்பருக்குக் கீழே, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி, கட்டைவிரல் கனத்தில் ஒரு கொக்கி. கப்பலையே கட்டலாம். இரண்டு தகடு, எட்டு போல்ட்டு, ஒன்றுகூடக் குறையவில்லை. அதன் அழகில் எத்திராஜ் ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். பிறகுதான் நினைவு வந்தது.

“இன்னா பாய், கொக்கி முன்னாடி கீது?”

“சீட்டுல ‘இழுக்கிற வண்டி’ன்னு எழுதியிருந்தீங்க. எனுக்குக் கொழப்பமாப் போச்சு நைனா. இந்த வண்டி இன்னொன்ன இழுக்குமா, இல்ல இந்த வண்டியத்தான் இன்னொன்னு இழுக்கணுமா? ரெண்டுக்கும் அப்டித்தான எழுதணும். அக்காவக் கேட்டேன். இத்ததான் இழுக்கணும்னாங்க.”

எத்திராஜ் மனைவியைப் பார்த்தார். கன்னியம்மா முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை.

“நீதான் எல்லாத்தையும் எண்ணி வச்சிருப்பியே. போன வருசம் பூரா எத்தினி தபா இந்த வண்டிய இழுத்தாங்கோ?”

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். “பத்தொம்போது” என்றார்.

“இது எத்தினி வண்டிய இழுத்துச்சு?”

எத்திராஜ் கொக்கியைப் பார்த்தார். பேச்சை மாற்ற வேனின் பக்கக் கதவைத் தள்ளினார். உள்ளே வெட்டவெளி. வெள்ளை வெளேரென்று தெர்மோகோல்.

“பாய், சீட்டு எங்க?”

பஷீர் சட்டைப்பையிலிருந்து அவர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்து நீட்டினார்.

“இந்தச் சீட்டு இல்ல பாய். உக்கார்ற சீட்டு.”

“அத்த நான்தான் கயட்டச் சொன்னேன்” என்றாள் கன்னியம்மா. “ஐஸ் ஃபேக்டரில நானே போயிப் பேசிட்டேன். அவங்களோட ஐஸ் வண்டி தொறந்த வண்டி, வெய்யில்ல பாதி ஒயுகிப் போவுது. நம்பளுது மூடுன வண்டி. உள்ள ஐஸ அடுக்கிட்டா தங்கச்சி பவானியோட குட்டி யானை லோடு வண்டி இழுத்துகினு போயிடும். தெனம் ரெண்டு நடை. வண்டி அதோட சோத்த அதே சம்பாரிச்சிக்கும். காயலாங்கடை இல்ல. நீ கேட்ட கொக்கியும் வச்சாச்சு. இன்னும் இன்னா வோணும் உனுக்கு?”

எத்திராஜ் யோசித்தார். வேன் வேண்டும் என்றார், வேன் இருக்கிறது. கொக்கி வேண்டும் என்றார், கொக்கி இருக்கிறது. டோயிங் வேண்டும் என்றார், அதுவும் நடக்கப்போகிறது. குறை சொல்ல ஓர் இடுக்குகூட விட்டு வைக்கவில்லை. முதல் தடவை கடலைப் பார்க்கிறவர் மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மெய்யாலுமே அஞ்சாங்கிளாசுதானா நீ?” என்று மெல்லக் கேட்டார்.

அவள் பதில் சொல்வதற்குள் லோடு ஏற்றும் குட்டி யானையை ஓட்டிக்கொண்டு அவள் தங்கை பவானி வந்து சேர்ந்தாள். “இன்னா மாமா, ரெடியா?” என்றபடி பின்பக்கம் காட்டி நிறுத்தினாள். பஷீர் ஓர் இரும்புக் கம்பியைக் கொக்கியில் கோர்த்தார். ‘டக்’ என்று விழுந்தது. கெட்டி. கீழே கோடு போட்ட கெட்டி.

கன்னியம்மா தங்கை பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். எத்திராஜ் தன் வேனில், மிச்சமிருந்த ஒரே இருக்கையில் அமர்ந்தார்.

“நீ சும்மா ஸ்டேரிங்கப் புட்ச்சிகினு வா. வோணும்னா பிரேக்கு போடு” என்று முன்னாலிருந்து குரல் வந்தது. “போரட்ச்சா ஹார்ன் அட்ச்சிக்கோ.”

வண்டி நகர்ந்தது. இருமல் இல்லை, புகை இல்லை, உதறல் இல்லை. இருபத்தொரு வருஷத்தில் இப்படி ஒரு பவனி அந்த வேன் கண்டதில்லை. துறைமுகத்துக்கு வரிசையில் நின்ற கன்டெய்னர் லாரிகளை ஒவ்வொன்றாகத் தாண்டியது. எத்திராஜ் எண்ணிக்கொண்டே வந்தார். முப்பதைத் தாண்டியதும் நெஞ்சு நிமிர்ந்தது. எப்படியானாலும் இது நம் வண்டி, ஓட்டுகிறவர் நாம் என்று தோன்றியது. கையை ஓங்கி ஹார்னை இரண்டு தடவை அழுத்தினார்.

முன்னால் போன குட்டி யானை மரியாதையாக இடது பக்கம் ஒதுங்கி நின்று அவருக்கு வழிவிட்டது. எத்திராஜின் வேனும் அதன் பின்னாலேயே ஒதுங்கி நின்றது.