மாசுமறுவற்ற கை

காயம்பட்ட தொழிலாளர்களின் நலன் காக்கவென்றே ஓர் அலுவலகம் இருந்தது. அது யாரிடமும் அதிகமாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. மனுவோடு காயம்பட்ட உறுப்பின் புகைப்படம் வேண்டும். அந்தப் படம் மாசுமறுவற்றதாக இருத்தல் வேண்டும். அவ்வளவுதான்.

பெரிய சலவைக்கூடம் ஒன்றில் கொதிகலனைக் கவனித்துவந்த பாய்லர்காரர் படமும் கையுமாகப் போய் நின்றார். நீராவி அடித்து வலது கை முழங்கை வரை வெந்துபோயிருந்தது. ஆறிய பிறகும் வெக்கை பட்டால் எரிந்தது. துணி மடிக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டால் போதும் என்பதே மனு.

அதிகாரி படத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னய்யா, தழும்பு தெரியுது?"

"அதுக்குத்தானே சார் மனுவே."

"மாசு இல்ல, ஒத்துக்கறேன். மறு இருக்கே! மறுன்னா என்ன? தோல்ல இருக்கற குறி. விதியை நான் மீறலாமா?"

மீறக் கூடாதுதான். அப்புறம் அலுவலகம் எதற்கு? பாய்லர்காரர் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்யும் அழகுநிலைய அம்மாவிடம் போய்க் கையை நீட்டினார். அவள் மூன்று பூச்சு பூசினாள். கை மணப்பெண்ணின் கையாகிவிட்டது. "முகம் வேண்டாமாண்ணே? குறைச்சுப் பண்ணித் தரேன்" என்றாள்.

புதுப் படத்தைக் கண்டு அதிகாரி அகமகிழ்ந்து மேலிடத்துக்கு அனுப்பிவைத்தார். "காயம் ஏதும் காணப்படவில்லை. மனுதாரர் கொதிகலன் பணிக்கு முற்றிலும் தகுதியானவர்" என்று மேலிடம் மனமுவந்து திருப்பியனுப்பியது.

பாய்லர்காரர் மறுபடியும் அதிகாரியிடம் போனார். சட்டைக் கையைச் சுருட்டி, கையை மேசைமேல் வைத்தார். "இதைப் பாருங்க சார்!"

"கையை எப்படிய்யா கோப்புல சேர்க்கறது?" என்று அதிகாரி கைவிரித்தார். இருந்தாலும் இரக்கமுள்ளவர், யோசித்தார். "தோல்லதான் குறி இருக்கக் கூடாது. பூச்சுக்கு மேல இருந்தா விதி என்ன சொல்லும்?"

விதி ஒன்றும் சொல்லவில்லை. அழகுநிலைய அம்மா மறுபடியும் மூன்று பூச்சு பூசித் தழும்பை மறைத்தாள். அதன்மேல் சிவப்பும் கருநீலமுமாக ஒரு தழும்பு வரைந்தாள். ஓரத்தில் இரண்டு கொப்புளம் அவளாகவே சேர்த்தாள். "கண்ணு பட்டுடும்ணே" என்றாள்.

அந்தப் படத்தைக் கண்டு மேலிடம் கலங்கிப்போய் அன்றே இடமாற்ற உத்தரவு போட்டது. இனி எல்லோரும் இவ்வண்ணமே காயப்பட வேண்டும் என்று மாதிரிப் படத்தோடு ஒரு சுற்றறிக்கையும் கிளம்பியது.

உத்தரவையும் படத்தையும் எடுத்துக்கொண்டு பாய்லர்காரர் வீட்டுக்கு வந்தார். மனைவி உத்தரவை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, இவ்வளவு பலமாவா பட்டுது? ஒரு வார்த்தை சொல்லலையே! இந்தக் கையோடவா உங்களைத் தண்ணி தூக்க விட்டேன்?" என்று வாய்விட்டு அழுதாள்.

"தினம் நீதானேடி மருந்து போட்டே?" என்று அவர் பூச்சு கழுவிய கையைக் காட்டினார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது தேவலையே" என்றாள்.

பாய்லர்காரரும் பார்த்தார். கை எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் படத்துக்கு முன்னால் தன் காயம் அப்படியொன்றும் பெரிதில்லை என்று அவருக்கே பட்டது. கொஞ்சம் கூச்சத்தோடு சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.