கெட்டிமேளத்தை வடிகட்டிய கதை

சொந்த அக்காவின் கல்யாணத்தில் பட்டுப்புடவை, ஜிமிக்கி, தலை கொள்ளாத மல்லிகைப்பூ, இவ்வளவுக்கும் மேலே இரண்டு காதையும் மூடிய ஒரு கறுப்பு ஹெட்போன் என்று நின்ற ஒரே பெண், எனக்குத் தெரிந்து திண்டுக்கல் வட்டாரத்திலேயே நான்தான். ஆல்பத்திலிருந்து அந்தப் படத்தைக் கிழித்துவிட மூன்று முறை முயன்றேன். அம்மா ஆல்பத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி எங்கே இருக்கிறது என்று இன்றுவரை சொல்லவில்லை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. உலகத்தில் எனக்குத் தெரியாதது என்று எதுவுமே இல்லாத காலம். கல்லூரித் தோழி ஜெனிபர் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பாள். அவளுடைய சாம்ப்ளரைப் பத்து நாளைக்குக் கெஞ்சி வாங்கி வந்திருந்தேன். டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி. எந்தச் சத்தத்தையும் உள்ளே பதிந்துகொள்ளும், பொத்தானை அழுத்தினால் திருப்பித் தரும். சும்மா தராது. ஈக்வலைசரைத் திருகினால் சத்தத்தின் அடிப்பக்கத்தை ஏற்றலாம், கீச்சைக் குறைக்கலாம். ஃபில்டர் என்பது சல்லடை, வேண்டாததை நிறுத்திவிடும். என்ஹான்சர், மங்கின சத்தத்தைப் புளி போட்டு விளக்கிய பித்தளைச் சொம்பு மாதிரி ஆக்கிவிடும். எக்கோ, சொன்னதையே இன்னொரு தடவை சொல்லும். (எங்கள் சித்தப்பாவும் அப்படித்தான்.) வீட்டுக் குக்கர் விசில், அப்பாவின் கொட்டாவி, தோட்டத்து மோட்டார் எல்லாவற்றையும் பதிந்து திருகித் திருகி, நானும் ஒரு சவுண்ட் இன்ஜினியர் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"இதுல மாவு அரைக்குமா?" என்று அம்மா மட்டும் ஒரு தடவை கேட்டார்.

அக்கா செல்விக்கு அதற்குமுன் இரண்டு வரன்கள் கூடி வந்து கலைந்திருந்தன. ஒன்றில் பல்லி கத்தியது. இன்னொன்றில் தட்டு மாற்றும் நேரம் கரண்டு போனது. மூன்றாவதாக வந்தவர் அகரத்து முருகேசன் மாமா. இந்த மனுஷனை அக்காவுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. துணி காயப்போடப் போகிறேன் என்று போனோடு மொட்டைமாடிக்குப் போவாள். ஒரே ஒரு துண்டு காய ஒரு மணி நேரம் ஆகும்.

சிக்கல், மாமாவின் அத்தை. பெயர் பேச்சியம்மாள். இரண்டு வீட்டாரும் கூப்பிடுவது 'பெரியத்தை'. சகுனம் விஷயத்தில் அந்த அம்மாள் வைத்ததுதான் சட்டம். நிச்சயத்தன்று மாமாவின் அப்பா தெரியாத்தனமாக ஒரு தும்மல் போட்டுவிட்டார். பெரியத்தை சபையை அப்படியே நிறுத்திவிட்டார். "ஒத்தைத் தும்மல் ஆகாது. ரெட்டையா இருந்தா யோகம். இன்னொண்ணு வரட்டும், செத்த நேரம் இருங்க." இன்னொன்று வருவேனா என்றது. கடைசியில் என் தம்பி மூக்கில் வெற்றிலைக் காம்பை விட்டு இரண்டாவது தும்மலை வாங்கிய பிறகுதான் தட்டு மாறியது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தாலி கட்டுறப்ப மேளம் மட்டும் காதைப் பொளக்கணும்டி. அந்த நேரத்துல எவனாச்சும் தும்மித் தொலைச்சா, பெரியத்தை எந்திரிச்சுரும். எனக்கு வேற மாப்பிள்ளை வேணாம்." அவள் கண் கலங்கியிருந்தது. நானும் பெரிய மனுஷி மாதிரி அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் விடியற்காலை அப்பாவுக்குப் போன் வந்தது. மேளக்காரர்கள் வந்த வேன் கொடைரோடு பக்கம் மல்லாந்துவிட்டதாம். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆக்சில்தான் போச்சு. பெரிய முகூர்த்த நாள். ரெட்டியார்சத்திரம் வரைக்கும் போன் போட்டுப் பார்த்தும் ஒரு மேளம் சும்மா இல்லை. அப்பா மண்டபத்து வாசப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் இருக்கேன்ப்பா" என்றேன்.

என்னிடம் ஒரு கெட்டிமேளம் இருந்தது. அதற்கு முந்தின மாதம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் போனில் பதிந்தது. கூடவே ஒரு குழந்தை வீல் என்று அழுவதும், ஒருவர் "சாம்பார் வாளிய எங்கடா வச்ச" என்று கத்துவதும் பதிந்திருந்தன. அக்கா கழுத்தில் தாலி ஏறும்போது சாம்பார் வாளியைத் தேட முடியுமா? சாம்ப்ளரில் ஏற்றினேன். ஃபில்டரைத் திருகினேன், குழந்தை போனது. இன்னும் திருகினேன், சாம்பார் வாளி போனது. நாதஸ்வரமும் கூடவே போனது. அதனால் என்ன? ஈக்வலைசரில் அடிப்பக்கத்தை முழுக்க ஏற்றினேன். ஹெட்போனில் தவில் மட்டும் 'தம் தம்' என்று நெஞ்சுக்குள் இறங்கியது. எனக்கே புல்லரித்தது. அதோடு விட்டேனா? ஐயரின் மைக்கையும் என் பெட்டி வழியாக விட்டு, மந்திரம் பளிச்சென்று கேட்க என்ஹான்சரும், கோயில் பிரகாரம் மாதிரி இருக்க ஒரே ஒரு எக்கோவும் வைத்தேன்.

மைக்செட் பால்பாண்டி அண்ணன் எட்டிப் பார்த்தார். "பாப்பா, நம்மது கொழா ஸ்பீக்கரு. அடிச் சத்தம் அதுல ஏறாது. கொஞ்சம் கீச்சு சேத்து விடு. ஒரு தடவை வெளிய போட்டுப் பாத்துருவமா?"

"இதெல்லாம் டிஜிட்டல்ணே" என்றேன்.

 அவர் டீ குடிக்கப் போய்விட்டார். நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

முகூர்த்தம் வந்தது. ஹோமப் புகை மேடையை மூடியது. மூன்று முடிச்சும் ஒழுங்காக விழுகிறதா என்று மேற்பார்வை பார்க்க, பெரியத்தை கை நிறைய அட்சதையோடு ஐயரின் மைக்குக்குப் பக்கத்திலேயே குனிந்து நின்றார். மாமா தாலியை எடுத்தார். ஐயர் கையைத் தூக்கினார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

அழுத்தினேன். ஹெட்போனில் பூமி அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் சொக்கிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டேன். (இந்த இடத்தில்தான் அந்தப் புகைப்படம் எடுக்கப்பட்டது.)

மண்டபத்துக்குள் என்ன கேட்டது என்பதைப் பிறகு பலரும் எனக்கு நடித்துக் காட்டினார்கள். ஏதோ தூரத்து வீட்டில் யாரோ ஈர மெத்தையை அடிப்பதுபோல 'பொத்... பொத்...' அவ்வளவுதான். அட்சதையைப் பிடித்த கைகள் பாதியில் நின்றுவிட்டன. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. விழுந்தது ஊசி இல்லை.

"ஹாஆச்சூ!"

பெரியத்தை! புகை மூக்கில் ஏறிவிட்டது. மைக் வழியாக, என் என்ஹான்சர் வழியாக, அந்தத் தும்மல் மண்டபத்தின் நான்கு மூலைக்கும் பளபளவென்று போய்ச் சேர்ந்தது. வாழ்நாளில் நான் செய்த சவுண்ட் வேலைகளிலேயே மிகத் தெளிவானது அதுதான்.

அரை நொடி கழித்து, கொஞ்சம் மெதுவாக, இன்னொரு முறை கேட்டது.

"ஹாஆச்சூ!"

திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தேன். மாமா தாலியை அக்கா கழுத்தருகே பிடித்தபடி சிலையாக இருந்தார். பெரியத்தையின் முகம் வெளிறிப்போயிருந்தது. அக்கா மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். திட்டுகிற பார்வையாக இருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பயந்துபோயிருந்தாள். நேற்று அவள் தோளைத் தட்டிக் கொடுத்த கை இன்னும் பொத்தான் மேலேயே இருந்தது.

பெரியத்தையும் அந்தப் பார்வையைப் பார்த்தார். அப்புறம் என் பெட்டியைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"ரெண்டு!" என்று விரலைத் தூக்கினார். "எல்லாரும் கேட்டீகள்ல? ரெட்டைத் தும்மல்! இம்புட்டு நல்ல சகுனம் எவன் கல்யாணத்துல வரும்? கட்டுய்யா தாலிய!"

அதோடு நிற்கவில்லை. நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டார். பக்கத்தில் இருந்த பெண்கள் சேர்ந்தார்கள். பின்வரிசை சேர்ந்தது, அப்புறம் மண்டபமே குலவையாகிவிட்டது. எந்த ஃபில்டராலும் அதில் ஒரு இழையை நிறுத்தியிருக்க முடியாது. அந்தச் சத்தத்துக்குள் மூன்று முடிச்சும் விழுந்தன. நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அழுதேன். (மேளக்காரர்கள் சாப்பாட்டுப் பந்தியில் வந்து சேர்ந்து, பாயசத்துக்குக் கெட்டிமேளம் வாசித்தார்கள். பால்பாண்டி அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பைப் பற்றி நான் எழுதுவதாக இல்லை.)

எக்கோ விஷயத்தை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. தப்புச் செய்த குறுகுறுப்பு இரண்டு வருஷம் உள்ளேயே கிடந்தது. பெரியத்தையைப் பார்த்தாலே சமையல்கட்டுப் பக்கம் நழுவிவிடுவேன்.

பிறகு அக்கா மகளுக்குக் காதுகுத்து வந்தது. இந்தத் தடவை நிஜமான மேளம், மூன்று செட்டு. அப்பா எந்த அபாயத்துக்கும் தயாராக இல்லை. பிள்ளை தாய்மாமனான என் தம்பி மடியில் இருந்தது. ஆசாரி ஊசியை எடுத்தார். மேளம் உச்சத்தில் இருந்தபோது என் பக்கத்தில் நின்ற பெரியத்தை முந்தானையில் முகத்தைப் புதைத்துச் சின்னதாக ஒரு தும்மல் போட்டார். அந்த இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

எனக்கு ஒரு விலாக்குத்து விழுந்தது.

"ஏன்டி, மலைச்சுப் போயி நிக்கிற? இன்னொண்ணப் போடு."

"பெரியத்தை... அன்னைக்கு... உங்களுக்குத் தெரியுமா?"

"எம்மூக்குல எத்தனை வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? செல்விப் புள்ள உன்னையப் பாத்த பார்வைய நானும் பாத்தேன்ல. அதுக்கப்பறம் ஒத்தையாவது, ரெட்டையாவது." ஆசாரியின் ஊசி பிள்ளையின் காதை நெருங்கிக்கொண்டிருந்தது. "வேகமாப் போடுடி!"

எங்களுக்குப் பின்னாலேயே நின்று இதை ஒரு பக்கக் காதால் கேட்டுவிட்ட சித்தப்பா அன்றே ஊர் முழுக்க இரண்டு இரண்டு தடவை சொல்லிவிட்டார். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் ஒற்றைத் தும்மல் போட்டாலும் மொத்தப் பேரும் என் பக்கம் திரும்புகிறார்கள். போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களின் முன்னாலும் திரும்பினார்கள். மாப்பிள்ளைக்குச் சளி.

காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு நானும் போட்டேன். அரை நொடி தள்ளி, கொஞ்சம் மெதுவாக.